குழந்தைக்கு ஷிஃப்ட் கிடையாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு மிஷின் முன்னால் நிற்க வேண்டும் என்றால் ஐந்தேகாலுக்கு பைபாஸில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கெல்லாம் குழந்தையை யாரிடமாவது விட்டாக வேண்டும். எங்கள் தெருவில் அந்தக் குழந்தைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஒரு வயதிலிருந்து மூன்றரை வயது வரை உள்ள ஐந்தாறு பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே சிப்காட்டில் பேக்கிங்கில் நின்றவள்தான். மகன் பிறந்த பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, ஊர்லேருந்து எங்கம்மா வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்று தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். அவள் அம்மா வரவே இல்லை. ஊரில் அவருக்கும் நடவு, அறுப்பு, மாடு கன்று என்று வேலை இருந்தது. அப்படித்தான் தொடங்கியது. என் மகன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்காகக் கட்டிய தூளியை இன்னும் அவிழ்க்கவில்லை.

இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அடம் பிடிக்கிறது, கடிக்கிறது, ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறது என்று தாய்மார் என்னிடம் சொல்கிற குறைகளில் பெரும்பாலானவை குழந்தையின் குணத்தால் வருபவை அல்ல. பெற்றவர்களின் ஷிஃப்ட்டால் வருபவை. வளர்ப்பு சரியில்லை என்று ஒரு பெண்ணைக் குறை சொல்லி முடிக்கிற விஷயமே இல்லை இது. வேலை நேரம், சம்பளம், சட்டம், அங்கன்வாடி, தூக்கம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி இது. சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 45 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் வந்தால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம், அதற்கப்புறம் ஆந்திரா. இரும்பு உருக்கு ஆலைகள், ரோலிங் மில்கள், உதிரி பாகக் கம்பெனிகள், பேக்கிங் யூனிட்டுகள். மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் டயர் தொழிற்சாலை. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், சூளூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் என்று பல ஊர் ஜனம். இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இங்கே உண்டு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பாட்டி கிடையாது, சித்தி கிடையாது. தமிழ்க் குடும்பங்களில் குழந்தை வளர்ப்பு என்றால் அந்தப் பாட்டியின் உழைப்பைத்தான் சொல்கிறோம். யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்காததால் அதற்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டி இல்லாத ஊருக்குக் குடிவந்த பிறகுதான் தெரிகிறது.

விலை இதுதான். நான் ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் வாங்குகிறேன். மதியச் சோறு என் கணக்கு. பால், டயாப்பர் அவர்கள் கணக்கு. டவுனில் பிளே ஸ்கூல்கள் இருக்கின்றன. ஒன்பதரைக்குத் திறந்து மதியத்தோடு மூடிவிடுவார்கள். டே கேர் வேண்டுமென்றால் தனிக் கட்டணம், சேர்க்கும்போது அட்வான்ஸ் தனி. காலை ஐந்து மணிக்கு யார் திறப்பார்கள்?

என்னிடம் பிள்ளையை விடும் ஒரு பெண் காண்ட்ராக்டில் வேலை செய்கிறாள். பிடித்தம் போக 13,000 ரூபாய் கைக்கு வரும். வீட்டு வாடகையும் கரண்டும் 4,500. எனக்கு 3,000. டயாப்பர் ஒன்று பத்து ரூபாய்க்குக் குறையாது, நாளைக்கு மூன்று என்றால் மாதம் 900. பால், சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர் ஃபீஸ் வேறு. "எல்லாம் போக நீ சம்பாதிக்கிறது என்ன மிச்சம், பேசாம வீட்ல இருன்னு அவர் சொல்றாருக்கா" என்றாள் ஒருநாள். அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை ஏன் தாயின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறார்கள்? குழந்தை இரண்டு பேருக்கும் பிறந்தது. செலவை இரண்டு சம்பளத்திலும் கழித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். இன்னொன்று, வேலையை விட்டால் அந்த மாதச் சம்பளம் மட்டும் போவதில்லை. பிஎஃப் நின்றுபோகும், இஎஸ்ஐ போகும், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் போனால் புதிதாய் வந்தவளின் கூலியில் ஆரம்பிக்க வேண்டும். பாதி வருஷம் நஷ்டம் போலத் தெரிந்தாலும், குழந்தை மூன்று வயதைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்களைத்தான் நான் மதிக்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். பலருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு. இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பணம் இஎஸ்ஐ வழியாக வரும்; அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போது பழைய இஎஸ்ஐ எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் பழைய நாட்களைக் கணக்கில் சேர்க்க அலைய வேண்டியிருக்கும்.

26 வாரம் என்றால் ஆறு மாதம். அங்கன்வாடியில் மதியச் சோற்றுக்கும் விளையாட்டுக்கும் குழந்தையைச் சேர்ப்பது இரண்டு வயதில். நடுவில் இருக்கிற ஒன்றரை வருஷத்துக்கு யார் பொறுப்பு? தவழ்ந்து, நடந்து, விழுந்து, பேச்சு முளைக்கிற காலம் அது. அந்தக் காலத்துக்குத்தான் தொழிற்சாலைக் காப்பகம் என்ற ஏற்பாட்டைச் சட்டம் வைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆணோ பெண்ணோ, ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஐம்பதையும் நான்கையும் அப்படியே வைத்திருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில் அப்படி ஓர் அறை இருந்தது. சுவரில் அணில், ஆடு, இலை படங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத தொட்டில். பார்த்துக்கொள்ள ஆயா கிடையாது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் பூட்டைத் திறப்பார்கள். வேலை செய்த பெண்களில் பலர் காண்ட்ராக்ட் என்பதால், அந்த அறை தங்களுக்கானதுதானா என்று கேட்கவே தயங்கினார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், பிள்ளைகளை யாரும் கொண்டுவருவதில்லையே என்பார்கள். அதுவும் உண்மைதான். விடிவதற்கு முன்னால், நிற்க இடமில்லாத பஸ்ஸில், ஆயா இல்லாத அறைக்கு எந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள்?

அங்கன்வாடியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாடு முழுக்க அது வந்ததில் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் உட்கார வைத்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். வாரம் மூன்று முட்டை, கலவை சாதம், சத்துமாவு. எங்கள் டீச்சரம்மாவும் ஆயாம்மாவும் எடை பார்ப்பதிலிருந்து தடுப்பூசி நாளை நினைவுபடுத்துவது வரை எல்லாம் செய்கிறார்கள். என் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு வயது முடிந்தவர்களை நானே காலையில் அங்கே கொண்டுபோய் விடுகிறேன்.

ஆனால் அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடும். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் 'பால்னா' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். நல்ல திட்டம். அதற்கு வைத்திருக்கும் நேரம் நாளுக்கு ஏழரை மணி. தொழிற்சாலை ஷிஃப்ட்டோ எட்டு மணி. போக வர ஒன்றரை மணி. ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் இன்னும் நான்கு மணி. குழந்தைக்கான எல்லா ஏற்பாடும் ஆபீஸ் நேரத்தை மனதில் வைத்துப் போட்டவை. சிப்காட்டில் யாருக்கு ஆபீஸ் நேரம்?

இங்கிருந்துதான் தூக்கப் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி. பகல் தூக்கமும் இதில் அடக்கம். அதோடு, தூங்கும் நேரமும் எழும் நேரமும் மாறாமல் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

என்னிடம் ஒரு பெண் குழந்தை வருகிறது. இரண்டு வயது தாண்டிவிட்டது, நன்றாகச் சிரிக்கும், யார் பாடினாலும் ஆடும். அவள் அம்மாவுக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து பஸ் வந்து சேரப் பத்தே முக்கால். குழந்தை எட்டரைக்கே என் வீட்டில் தூங்கியிருக்கும். அம்மா வந்து தூக்குவாள். வண்டியில் போகும்போது காற்றுப் பட்டுக் குழந்தை விழித்துவிடும். அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் பன்னிரண்டரை வரை விளையாடும். மறுநாள் காலை எட்டரைக்கு எழும். அந்த வாரம் முழுக்க ஒரு சிக்கலும் தெரியாது. அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நள்ளிரவில் தூங்கிப் பழகிய உடம்பு ஞாயிறு இரவு எட்டரைக்குத் தூங்குமா? பன்னிரண்டு மணிக்குத் தூங்கிய குழந்தையை நாலரைக்கு எழுப்பி, முகம் துடைத்து, ஐந்து மணிக்கு என் கையில் கொடுப்பார்கள். நாலரை மணி நேரத் தூக்கம். மதியம் இரண்டு மணி நேரம் தூங்க வைத்தாலும் ஆறரைதான். தேவை பதினொன்று.

அந்தத் திங்கட்கிழமை அவள் கடிப்பாள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கன்னம், தோள், கை எது கிடைத்தாலும். செவ்வாயும் அப்படியே. புதன் கொஞ்சம் தணிவாள். வியாழக்கிழமை பழையபடி ஆடிக்கொண்டிருப்பாள். கடிப்பது அவள் சுபாவம் என்றால் வியாழக்கிழமையும் கடிக்க வேண்டுமே.

தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம். குழந்தைக்கு அப்படி இல்லை. களைப்பு அளவு மீறினால் உடம்பு தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளப் பரபரப்பைக் கூட்டுகிறது. அதனால்தான் தூக்கம் தப்பிய பிள்ளை துள்ளும், ஓடும், காரணமில்லாமல் சிரிக்கும், அடுத்த நிமிஷம் வீறிடும். "தூக்கமே வரலக்கா, எவ்ளோ எனர்ஜி பாருங்க" என்பார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை தூங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிப் போயிருக்கும். வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து நேரம் குறித்துக்கொள்கிற ஓர் ஏற்பாடு மூளைக்குள் இருக்கிறது. அது ஒரே ராத்திரியில் நான்கு மணி நேரம் பின்னால் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். நகர்ந்து முடிவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும்.

அந்த அம்மாவிடம், செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் குழந்தை காலை வரை இங்கேயே தூங்கட்டும் என்று சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நாளெல்லாம் அவள நான் பாக்கல. பத்து நிமிஷம் முழிச்சிருந்தா என்னக்கா?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்த வழிகாட்டுதலிலும் பதில் இல்லை. ஷிஃப்ட் முழுக்கப் பிள்ளையின் நினைப்போடு நின்று வேலை செய்தவள் அவள். அவள் கேட்பது நியாயம். குழந்தையின் தூக்கமும் நியாயம். கடைசியில் ஒரு வழி செய்தோம். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஆறரைக்கு அவள் வந்து தூக்கிக்கொண்டு போவாள். மதியம் ஒரு மணி வரை குழந்தை அவளோடு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கடைக்குப் போவது எல்லாம் அம்மாவும் மகளுமாக. அவள் கணவருக்கு ஜெனரல் ஷிஃப்ட் விழுந்த வாரங்களில் அவரே சாயங்காலம் தூக்கிப்போய் எட்டரைக்குத் தூங்க வைக்கிறார். ஆரம்பத்தில் அவருக்குத் தூளி கட்டத் தெரியவில்லை. நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

தூளி கட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைந்துபோன சேலை வேண்டாம். கெட்டியான பருத்திச் சேலை அல்லது எட்டு முழ வேட்டி. கொக்கி கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓடும் பைப்பில் கட்டாதீர்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்க விடாதீர்கள், கீழே மெத்தை போடுங்கள், துணி முகத்தில் மூடாமல் இருக்க நடுவில் கட்டை கொடுங்கள். தொங்குகிற கயிற்று நுனி எதுவும் குழந்தையின் கழுத்துக்கு எட்டக் கூடாது. பெரியவர்கள் கண் பார்வையில் இருக்கும்போது மட்டும்தான் தூளி. எட்டிக் குதிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் பாய்தான் நல்லது.

ஒற்றை அறை வீடுகளில் இன்னொரு கஷ்டம் உண்டு. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துவந்து பகலில் தூங்குவார். ரோலிங் மில் சூட்டில் நின்றுவிட்டு வந்தவர் தூங்கியே ஆக வேண்டும். கண் அசந்தால் கையையே இழக்கிற வேலை. என் கணவரும் அதே வேலையில் இருப்பதால் எனக்குத் தெரியும். அவர் தூங்கக் குழந்தை சத்தம் போடக் கூடாது. வெளியே விடலாம் என்றால் தெருவில் லாரி, வாசலில் தண்ணீர் டிரம். கடைசியில் கையில் போன் கொடுத்து மூலையில் உட்கார வைப்பார்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் சொல்லியிருக்கிறது. அந்த அறையில் இருக்கும் தாய்க்கு இதைச் சொல்வது சுலபம். அவளுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, குழந்தையைப் பத்திரமாக விட ஓர் இடம். ஆனாலும் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு மட்டுமாவது போனை எடுத்து வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தூங்கப் போகும் முன் கண்ணில் படும் அந்த வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது சிரப். சளி மருந்து கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று கண்டுபிடித்து, சளி இல்லாத நாளிலும் அரை மூடி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பும் தூக்க மருந்து அல்ல. டாக்டர் எழுதாமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

அடம் பிடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாழைப்பழம் உரிக்கும்போது இரண்டாக உடைந்துவிட்டது என்று தரையில் விழுந்து புரண்டு அழுத பையனைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு முழுப் பழம் வேண்டும். ஆசை முழுசாக வந்துவிட்டது, அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை, பொறுத்துக்கொள்ளும் மூளைப் பகுதி வளர இன்னும் பல வருஷம் இருக்கிறது. இரண்டு வயதில் இது வருவதுதான் இயல்பு. அந்த நேரத்தில் பாடம் நடத்தினால் காதில் ஏறாது. அடித்தால் அழுகையோடு பயமும் சேரும். பக்கத்தில் உட்கார்ந்து, "பழம் உடைஞ்சிடுச்சா, கோவம் வந்துடுச்சா" என்று அவன் மனதில் இருப்பதை நாம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். சில நிமிஷத்தில் அடங்கும். உடைந்த பழத்தையே சாப்பிடுவான். அழுகையை நிறுத்த ஒவ்வொரு முறையும் புதுப் பழமோ போனோ கொடுத்தால் மட்டும், அடுத்த முறை இன்னும் நீளும்.

பூச்சாண்டி, போலீஸ், "ஊசி போட்டுடுவாங்க" இந்த மூன்றையும் என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஊசியைக் காட்டிப் பயமுறுத்திய பிள்ளை தடுப்பூசி நாளில் நர்ஸைப் பார்த்ததும் அலறுகிறது. அதேபோல், குழந்தை அந்தப் பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிப் போகும் அம்மாக்களையும் நிறுத்தி வைத்துவிடுவேன். "அம்மா வேலைக்குப் போறேன், நீ ரசம் சோறு சாப்ட்டு தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்போது அழும். ஆனால் நழுவிப் போனால் பகல் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், யார் எழுந்தாலும் காலைக் கட்டிக்கொள்ளும். எது மேல் என்று ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒடிசாக் குடும்பத்துக் குழந்தை ஒன்று அம்மாவிடம் ஒடியாவும் என்னிடம் தமிழும் அடுத்த லைன் பிள்ளையிடம் தெலுங்கும் பேசுகிறது. பல மொழி கேட்பதால் பேச்சு வராமல் போகாது. ஆனால் ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "பால் தா", "அம்மா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். அவன் மாமாவும் லேட்டாத்தான் பேசினான் என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகள் நலப் பரிசோதனைக்கு 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தின் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வருகிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கன்வாடியில் பெயர் பதியாத வெளிமாநிலக் குழந்தைகள்தான் அதில் விடுபட்டுப் போகிறார்கள். உங்கள் லைனில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடைசியாக நான் கேட்க வந்தது. காப்பகத்தைத் தனியாகவோ, பொது வசதியாகச் சேர்ந்தோ நடத்தலாம் என்று 2017 சட்டத் திருத்தமே சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்குக் கடமை இருக்கிறது. நாற்பது பேர் வைத்திருக்கும் சின்ன யூனிட்டுகளுக்குக் கடமை இல்லாவிட்டாலும் தேவை இருக்கிறது. எல்லாரும் பங்கு போட்டு ஒரே தொழிற்பேட்டைக்குள் ஒரு காப்பகம் நடத்த முடியாதா? நான்கு சுவரும் பொம்மையும் போதாது. காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூட வேண்டும். பயிற்சி பெற்ற ஆயாக்கள் இரண்டு ஷிஃப்ட்டுக்கும் வேண்டும். இரவு தூங்கிய பிள்ளையை எழுப்பாமல் காலை வரை விட்டுவைக்கவும் இடம் வேண்டும். காண்ட்ராக்ட் பெண்களின் பிள்ளைகளுக்கும், தாய் வேறு ஊரில் இருக்கும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கும் அதே கதவு திறக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் பெண்களுக்கு வாரம் தோறும் ஷிஃப்ட் மாற்றாமல் குழந்தைக்கு மூன்று வயது ஆகும் வரை ஒரே ஷிஃப்ட் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை, பணமும் செலவில்லை. சூப்பர்வைசர் மனது வைத்தால் நாளைக்கே நடக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், அடுத்த முறை ஹெச்.ஆர். முன்னால் நிற்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நம்ம கம்பெனிக்குக் காப்பகம் இருக்கிறதா? இருந்தால் அது எத்தனை மணிக்குத் திறக்கும்? பதில் கிடைக்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு, நலச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது அவர்கள் பொறுப்பு. ஒருத்தி மட்டும் கேட்டால் அவளை அடையாளம் கண்டுகொள்வார்கள். பத்துப் பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள், குழந்தை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு.